மலையேறக் கனம் எதற்கு?

சதுரகிரி மலைக்குப் போகிறாயா, கணுக்காலை மூடுகிற கனத்த பூட்ஸ் வாங்கு. ராஜபாளையத்துக் காலணிக் கடையில் இதுதான் சொல்கிறார்கள். வீடியோ போடும் இளைஞர்களும் இதையே சொல்கிறார்கள். ஒருமுறை இமயமலைப் பக்கம் போய்வந்த உறவினரோ இதைக் கூடுதல் அதிகாரத்தோடு சொல்கிறார். "அண்ணாச்சி, காசைப் பார்க்காதீங்க, காலைப் பாருங்க" என்ற ஒரே வாக்கியத்துக்கு முன்னால் எந்த வாடிக்கையாளரும் தோற்றுப்போவார். அதன் பலனை ஆடி அமாவாசையன்று தாணிப்பாறை அடிவாரத்தில் பார்க்கலாம். ஒரு பக்கம் வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் விறுவிறுவென்று ஏறுகிற கூட்டம். இன்னொரு பக்கம் பனிமலைக்கென்று செய்த பூட்ஸை மாட்டிக்கொண்டு, வழுக்குப்பாறை வருவதற்குள் உட்கார இடம் தேடுகிற கூட்டம்.

இந்த அறிவுரை தவறு. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மலைகளில், அனுமதி உள்ள பாதையில், ஒரு பகல் நடந்து திரும்புகிறவருக்கு வேண்டியது இலேசான ஒரே ஜோடி ஷூ. அது கணுக்காலுக்குக் கீழே நிற்க வேண்டும், ஈரப்பாறையைப் பிடிக்க வேண்டும், புகுந்த தண்ணீரை வெளியே விட வேண்டும். தெருவுக்கும் அதுவே, ஓடைக்கும் அதுவே, பாறைக்கும் அதுவே.

எதிர்த்தரப்பை அதன் முழுப் பலத்தோடு முதலில் நிறுத்துவோம். அவர்கள் சொல்வது இது: மலைப்பாதையில் கல் உருளும், கால் பிசகும், அதனால் கணுக்காலுக்குக் காப்பு வேண்டும். பாறையும் முள்ளும் மெல்லிய அடியைத் துளைக்கும், அதனால் தடித்த அடி வேண்டும். ஓடையும் மழையும் உண்டு, அதனால் தண்ணீர் புகாத துணி வேண்டும். காடென்றால் பாம்பு இருக்கும், அதனால் உயரம் வேண்டும். விலை அதிகமானாலும் பத்து வருடம் உழைக்கும். கடைசியாக, எல்லாவற்றுக்கும் ஆகும் என்று சொல்கிற பொருள் எதற்கும் உருப்படியாக ஆகாது. இதில் எதுவும் முட்டாள்தனமான பேச்சு இல்லை. ஒவ்வொன்றும் எங்கோ ஒரு மலையில், ஏதோ ஒரு நிலையில் உண்மை. நம் மலையில் உண்மையா என்பதுதான் கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. உயரமான பூட்ஸ் கணுக்காலைக் காக்கிறது என்று யார் நிரூபித்தார்கள்?

கணுக்கால் சுளுக்கு அதிகம் வருகிற விளையாட்டுகளில் கூடைப்பந்தும் ஒன்று. அங்கேயும் உயரமான ஷூ காக்கும் என்ற நம்பிக்கை பழையது. 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அதைச் சோதித்துப் பார்த்தது. கல்லூரி அளவில் ஆடும் 600-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு உயரமான ஷூ, சிலருக்குக் காற்றறை வைத்த உயரமான ஷூ, சிலருக்குத் தாழ்ந்த ஷூ கொடுத்தார்கள். ஒரு பருவம் முழுக்க ஆடவிட்டு எண்ணிப் பார்த்ததில், சுளுக்கு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

கூடைப்பந்துத் தளம் வேறு, மலை வேறு என்பீர்கள். சரிதான். அப்படியானால் மலையில் அது காக்கும் என்பதற்கான ஆதாரத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும். இதுவரை கிடைத்திருப்பது "போட்டால் இறுக்கமாக, தெம்பாக இருக்கிறது" என்ற உணர்வு மட்டுமே.

கால் பிசகும் விதத்தை யோசித்தாலே இந்த உணர்வின் பலவீனம் தெரியும். பாதத்தின் வெளிவிளிம்பு ஒரு கல்லில் பட்டு, பாதம் உள்பக்கமாகப் புரள, முழு உடல் எடையும் அந்தச் சரிவில் இறங்குகிறது. அறுபது எழுபது கிலோ இறங்கும் அந்தக் கணத்தை நாலு விரல் உயரத் துணிப்பட்டை நிறுத்திவிடாது. நிறுத்தும் அளவுக்கு விறைப்பாகச் செய்தால், சரிந்த பாறையில் கணுக்கால் வளைந்து கொடுக்கவும் விடாது. கணுக்கால் செய்ய வேண்டிய வேலையை அப்போது முழங்கால் செய்ய வேண்டியிருக்கும். தடித்த அடி இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. பாதம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அவ்வளவு எளிதில் புரளும்.

ஏற்கெனவே பிசகிப் பலவீனமான கணுக்கால் உள்ளவர் என்ன செய்வது? அவருக்குக் காப்பு தேவைதான். கயிறு கட்டி இறுக்கும் கணுக்கால் பட்டை காயத்தைக் குறைக்கிறது என்று 2011-இல் வெளியான, பள்ளி மாணவர்களிடையே நடந்த ஆய்வு காட்டியது. அந்தப் பட்டையைத் தாழ்ந்த ஷூவுக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுவதற்குச் செலவே இல்லை. பூட்ஸ் இந்த இரண்டுக்கும் மாற்றாகாது.

2. எடையை முதுகில் மட்டும்தான் கணக்குப் பார்க்க வேண்டுமா?

மலைக்குப் போகிறவர்கள் பையின் எடையைப் பற்றி மிகவும் கவலைப்படுகிறார்கள். தண்ணீர் ஒரு பாட்டிலா இரண்டா என்று யோசிக்கிறார்கள். அதே ஆள் ஒவ்வொரு காலிலும் ஒரு குட்டிச் செங்கலைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்.

1969-இல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தார்கள். ஒரே எடையை உடலின் நடுப்பகுதியில் சுமப்பதைவிடப் பாதத்தில் சுமப்பதற்கு, நடக்கும் வேகத்தைப் பொறுத்து, 4 முதல் 6 மடங்கு சக்தி கூடுதலாகச் செலவாகிறது என்று கண்டார்கள். காரணம் எளிது. முதுகுச் சுமை உடலோடு சேர்ந்து நகர்கிறது. பாதத்தின் சுமையை ஒவ்வொரு அடியிலும் தூக்கி, முன்னே வீசி, நிறுத்தி, மறுபடி தூக்க வேண்டும். ஓட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வுகளும் இதே திசையில்தான் நிற்கின்றன: ஒரு ஷூவுக்கு 100 கிராம் கூடினால் சக்திச் செலவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடுகிறது.

நம் மலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தாழ்ந்த மலைப்பாதை ஷூ ஒன்று சுமார் 300 கிராம். கணுக்கால் பூட்ஸ் ஒன்று சாதாரணமாக 500 முதல் 700 கிராம். வித்தியாசம் 350 கிராம் என்று கொள்வோம். மேலே ஏறி இறங்க 20,000 அடி வைக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு காலையும் 10,000 முறை தூக்குகிறீர்கள். 350 கிராம் பெருக்கல் 10,000 என்றால் ஒரு காலுக்கு மூன்றரை டன். இரண்டு காலுக்கும் சேர்த்து ஏழு டன்னை, எந்தப் பலனும் இல்லாமல், ஒரு நாளில் தூக்கி வைத்திருப்பீர்கள்.

இது களைப்பு விஷயம் மட்டும் என்று தள்ளிவிட முடியாது. சதுரகிரியில் ஏற்றம் மூச்சைச் சோதிக்கும், இறக்கம் தொடையைச் சோதிக்கும். தொடை நடுங்கத் தொடங்கிய பிறகு கால் வைக்கும் இடத்தை மனம் தேர்ந்தெடுப்பதில்லை, கால் விழுந்த இடத்தில் விழுகிறது. பாதுகாப்புக்கென்று வாங்கிய கனம், பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிற கடைசி மணி நேரத்தில்தான் எதிராக வேலை செய்கிறது.

3. தண்ணீர் புகாத ஷூ, புகுந்த தண்ணீரை என்ன செய்யும்?

தண்ணீர் புகாத சவ்வு வைத்த ஷூ நல்ல கண்டுபிடிப்புதான். வெளியே குளிர்ந்து உலர்ந்த காற்று, உள்ளே சூடான ஈரம் என்றிருந்தால் வேர்வையின் ஆவி சவ்வின் வழியே வெளியேறும். விருதுநகர் மாவட்டத்தின் சித்திரை வெயிலில் வெளியேயும் சூடு, உள்ளேயும் சூடு. மழைக்காலத்தில் வெளியேயும் ஈரம், உள்ளேயும் ஈரம். ஆவி எங்கே போகும்? காலுறையில்தான் தங்கும். பாதம் மணிக்கணக்கில் ஊறி, தோல் மிருதுவாகி, கொப்புளம் கிளம்பும்.

மேலும் இங்கே தண்ணீர் சாரலாகத் தெளிப்பதோடு நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் மாங்கனி ஓடையும் சங்கிலிப்பாறையும் எப்படி இருக்கும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செண்பகத்தோப்பில் மீன்வெட்டிப்பாறைப் பக்கமோ, ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆற்றிலோ தண்ணீரில் கால் வைத்தால் முழங்காலைத் தொடும். அந்த ஆழத்தில் பூட்ஸின் வாய் வழியாகவே தண்ணீர் உள்ளே இறங்கும். வெளியிலிருந்து தண்ணீரை விடாத அதே சவ்வு, உள்ளே போன தண்ணீரையும் வெளியே விடாது.

வெப்பமண்டலக் காட்டில் மாதக்கணக்கில் நடந்தவர்கள் இதற்கு என்ன வழி கண்டார்கள் என்று பாருங்கள். 1960-களில் வியட்நாமில் அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்குக் கொடுத்த காட்டுப் பூட்ஸின் மேற்பகுதி பெரும்பாலும் துணியால் ஆனது. பாத வளைவுப் பக்கத்தில் தண்ணீர் வடிவதற்கென்றே துளைகள் வைத்தார்கள். தண்ணீரை நிறுத்த முடியாது, வெளியேற்றத்தான் முடியும் என்பதைப் போர்க்களத்தில் கற்றார்கள். வலைத்துணி மேற்பகுதி உள்ள இலேசான ஷூ இதையேதான் செய்கிறது. ஓடையைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் தண்ணீரின் பெரும்பகுதி வடிந்துவிடும். ஒரு ஜோடி உலர்ந்த காலுறை பையில் இருந்தால் மிச்சப் பிரச்சினையும் தீர்ந்தது.

4. பிடிப்பு கனத்தில் இருக்கிறதா, ரப்பரில் இருக்கிறதா?

கடையில் பூட்ஸைத் திருப்பி அடியைக் காட்டுவார்கள். டிராக்டர் டயர் மாதிரி ஆழமான பற்கள். பார்த்ததும் நம்பிக்கை வரும். அந்தப் பற்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸில் மலையேறிகள் ஆறு பேர் இறந்தார்கள். அவர்களின் நண்பர் வித்தாலே பிரமானி, அந்தக் காலத்து மலைக் காலணிகளின் குறை அந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று கருதி, பற்கள் வைத்த ரப்பர் அடியை உருவாக்கி 1937-இல் காப்புரிமை பெற்றார். அந்த அடியின் விப்ரம் என்ற பெயர் அவருடைய பெயரிலிருந்துதான் வந்தது. பாறையும் பனியும் மாறி மாறி வருகிற ஆல்ப்ஸுக்கு அது அருமையான விடை.

நம் பாதையின் கேள்வி வேறு. தாணிப்பாறையிலிருந்து மேலே போகப் போக, பல தலைமுறைக் கால்கள் தேய்த்து வழவழப்பாக்கிய பாறையும், உருண்டைக் கல்லும், வேரும்தான் அதிகம். பனி கிடையாது. சேறும் மழை நாள்களில் சில இடங்களில்தான். வழவழப்பான பாறையில் பிடிப்பைத் தருவது ரப்பரின் மிருதுவும், பாறையைத் தொடும் பரப்பும். ஆழமான பற்களுக்கு இடையே இருக்கும் வெற்றிடம் பாறையைத் தொடுவதே இல்லை. ரப்பர் கடினமாக இருந்தால் நெடுநாள் தேயாது, ஆனால் ஈரத்தில் சறுக்கும். மலிவான பல காலணிகளின் பி.வி.சி. அடி ஈரக் கல்லில் சோப்பைப் போல வழுக்கும், அதன்மேல் எத்தனை பற்களை வெட்டியிருந்தாலும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது பற்களின் ஆழத்தை அல்ல. அடியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது உள்வாங்கினால் நல்ல அறிகுறி. கடைக்காரர் சம்மதித்தால் தரை ஓட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒரு காலை வைத்துப் பாருங்கள். ஐந்நூறு ரூபாய் வித்தியாசத்தில் ஒன்று பிடிக்கும், ஒன்று வழுக்கும். இரண்டுக்கும் எடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

5. முள்ளுக்கு என்ன பதில்?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான், இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறும் என்பதை இந்த மாவட்டத்துக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிவாரம் வரைக்கும் அந்த முள் இருக்கிறது. மெல்லிய அடி வைத்த ஓட்டப்பந்தய ஷூவை நான் பரிந்துரைக்கவில்லை.

ஆனால் முள்ளைத் தடுக்கும் வேலைக்கு அரை அங்குலக் கூடுதல் ரப்பர் தேவையில்லை. மலைப்பாதைக்கென்று செய்யப்படும் இலேசான ஷூக்கள் சிலவற்றில் அடிக்கும் மெத்தைக்கும் நடுவே மெல்லிய, வளையும் பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். கூர்மையான கல் குத்தும்போது அதன் வலியைப் பரப்பிவிடும், முள்ளையும் பெருமளவு நிறுத்தும். எடை சில பத்து கிராம்தான். விரல் நுனியில் கல் மோதாமல் இருக்க ரப்பர் மூடி இருந்தால் போதும். இலேசு வேறு, மெலிவு வேறு. கனத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

இதன் மறுகோடியில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயிலிலும் தாணிப்பாறையிலும் பளியர் பழங்குடியினர் வெறுங்காலோடு நடக்கிறார்களே, ஷூவே எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. குழந்தைப் பருவத்திலிருந்து அந்தப் பாறையில் நடந்து தேறிய பாதம் அது. மில்லின் சிமென்டுத் தரையிலும் அலுவலக நாற்காலிக்கு அடியிலும் இருபது வருடம் இருந்த பாதம் ஒரே நாளில் அதுவாகிவிடாது. நேர்த்திக்கடனாக வெறுங்காலில் ஏறுகிறவரோடு எனக்கு வாதம் இல்லை, அது அவருக்கும் அவருடைய சாமிக்கும் நடுவில். மற்றவர்கள் பளியரைப் பார்த்துக் கற்க வேண்டியது வேறு: அடியைச் சின்னதாக வைப்பது, வைக்குமுன் பார்ப்பது, சுமையைக் குறைப்பது.

6. பாம்புக்குப் பயந்தால் பூட்ஸை எங்கே போட வேண்டும்?

பாம்பு பெரும்பாலும் பாதத்திலும் கணுக்கால் பக்கத்திலும்தான் கடிக்கிறது. அந்த இடத்தில் தடித்த தோல் இருந்தால் நல்லதுதான். இதை மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. அவர்களில் மிகப்பெரும்பாலோர் கிராமத்தவர்கள். வயலிலும் வரப்பிலும் வீட்டுப் பக்கத்திலும் கடிபட்டவர்கள். நாகமும் கண்ணாடிவிரியனும் கட்டுவிரியனும் சுருட்டைவிரியனும் இரை தேடி நம் வயலுக்குத்தான் வருகின்றன.

மலைக்குப் பூட்ஸ் கட்டாயம் என்று சொல்கிற அதே ஆள், ராத்திரி மோட்டார் போட வெறுங்காலோடு வரப்பில் நடந்து போகிறார். பட்டப்பகலில், நூற்றுக்கணக்கானவர் நடந்து அதிர்ந்த பாதையில், பாம்பு ஒதுங்கிப் போயிருக்கும் இடத்தில் பூட்ஸ். இருட்டில், அது நடமாடும் இடத்தில் ஒன்றுமே இல்லை. பாம்புப் பயம் உண்மையாக இருந்தால் அந்தப் பணத்தில் வயலுக்கு ஒரு ஜோடி ரப்பர் கம்பூட்ஸும் நல்ல டார்ச்சும் வாங்குங்கள். மலைக்கு மூடிய ஷூ, முழுக்கால் சட்டை, கல்லிடுக்கில் கை விடாத ஒழுக்கம், இருட்டுமுன் இறங்கிவிடும் கட்டுப்பாடு போதும்.

7. பத்து வருடம் உழைக்கும் என்பது அலமாரியில் உழைக்குமா?

கனத்த பூட்ஸ்கள் பலவற்றின் நடு அடி பாலியூரிதேன் என்ற பொருளால் ஆனது. நன்றாகத் தாங்கும், சீக்கிரம் நசுங்காது. ஆனால் அதற்கு ஒரு நோய் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து, சில ஆண்டுகளில் உள்ளுக்குள்ளேயே சிதையும். நடக்காமல் வைத்திருந்தால் சிதையாது என்று எண்ண வேண்டாம். பெட்டிக்குள் மூடி, ஈரக்காற்றில் வைத்திருந்தாலும் சிதையும். மேலே தோல் பளபளவென்று இருக்கும். மலைமேல் ஒரு நாள் அடி மட்டும் கேக் மாதிரி உதிர்ந்து தனியாகக் கழன்றுவரும். வருடத்துக்கு ஒருமுறை அமாவாசைக்கு மட்டும் வெளியே எடுக்கிறவருக்கு இது நேர்வதற்கே வாய்ப்பு அதிகம்.

இலேசான ஷூக்களில் பெரும்பாலும் இருக்கும் ஈ.வி.ஏ. மெத்தை நடக்க நடக்க நசுங்கும், உண்மை. இரண்டொரு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் அது தேயும்போது கண்ணுக்குத் தெரிந்து தேய்கிறது. தினமும் போடுகிறவருக்கு அதன் நிலைமை தெரியும். பத்து வருடம் பெட்டியில் கிடந்து ஆறு முறை மலை பார்த்த பூட்ஸை "நன்றாக உழைத்தது" என்று சொல்வது கணக்கில் ஏமாற்று.

8. எல்லாவற்றுக்கும் ஒன்று என்றால் எதற்கும் உதவாது என்பது சரியா?

இந்த வாதம் கேட்பதற்குப் பழமொழி போல ஒலிக்கிறது, அதனாலேயே தப்பித்துவிடுகிறது. எந்தத் தளத்துக்கு எது என்று பிரித்துப் பாருங்கள். ராஜபாளையத்திலிருந்து சதுரகிரிக்குப் போகிறவரின் ஒரு நாள் என்பது வெறும் மலை அல்ல. பஸ் படிக்கட்டு, வத்திராயிருப்பில் ஒரு டீ, கொதிக்கிற தார் ரோடு, அடிவார மணல், ஓடை, உருண்டைக் கல், சரிந்த பாறை, படிக்கட்டு, அப்புறம் கோயில். சுந்தர மகாலிங்கம் சந்நிதிக்கும் சந்தன மகாலிங்கம் சந்நிதிக்கும் காலணியைக் கழற்ற வேண்டும். எட்டுக் கண்ணி கயிற்றை அவிழ்த்துக் கட்டி, மறுபடி அவிழ்த்துக் கட்டுகிறவரிடம் பூட்ஸின் பெருமையைக் கேட்டுப் பாருங்கள். இப்படிக் கலந்த நாளுக்கு ஒரு தளத்துக்கென்றே செய்த காலணிதான் பொருந்தாதது.

எல்லாவற்றுக்கும் ஒன்று என்பதற்கு இன்னொரு பெரிய நன்மை உண்டு. தினமும் போடுகிற ஷூ காலுக்குப் பழகியிருக்கும். எங்கே உராயும், எந்த விரல் எங்கே முட்டும், எந்த அளவுக்குக் கயிறு இறுக வேண்டும் என்பதெல்லாம் தெரியும். புது பூட்ஸோடு நேரே மலைக்குப் போகிறவர் அதையெல்லாம் மலையில்தான் கற்கிறார்.

இது பஞ்சம் பிழைக்கிறவர்களின் சமாதானம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 1955-இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயது அமெரிக்கப் பாட்டி, 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அப்பலாச்சியன் மலைப்பாதையை முழுக்க ஒற்றை ஆளாக நடந்து முடித்தார். காலில் சாதாரணக் கேன்வாஸ் ஷூ. ஒரு ஜோடி தேய்ந்தால் அடுத்த ஜோடி. 1993-இல் கொலராடோ மலைகளில் நடந்த 100 மைல் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் மெக்சிகோவின் தராஹுமாரா இனத்தைச் சேர்ந்த 55 வயது விக்டோரியானோ சூரோ. அவர் காலில் தோல்வாரால் கட்டிய செருப்பு. பக்கத்திலேயே உதாரணம் வேண்டுமென்றால் நேபாளம்: அங்கே மலையில் வாழ்கிறவர்கள் காலில் நீங்கள் அதிகம் பார்ப்பது கோல்ட்ஸ்டார் என்ற மலிவான உள்ளூர் ஷூ. இவர்கள் எல்லோரையும் போல நாம் நடக்க முடியாது. ஆனால் கனத்த பூட்ஸ் இல்லாமல் மலையே முடியாது என்ற விதியை உடைக்க இவர்கள் போதும்.

9. கனத்த பூட்ஸுக்கு இடமே இல்லையா?

உண்டு. பனியில் இரும்புப் பற்களைப் பூட்டி நடக்க விறைப்பான அடி வேண்டும். இருபது கிலோவுக்கு மேல் சுமந்து பல நாள் நடக்கிறவருக்கும், பாதையே இல்லாத சரளைச் சரிவில் இறங்குகிறவருக்கும் கூடுதல் தாங்கல் உதவலாம். சியாச்சினில் நிற்கும் வீரருக்கு இலேசான வலைத்துணி ஷூவைச் சொல்கிறவன் பைத்தியக்காரன். நம் காட்டிலேயே, பாதையை விட்டு விலகி முட்புதருக்குள் ரோந்து போகிற வனக்காவலருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கும் தேவை வேறு.

சாமானியருக்கு அந்த நிலை இங்கே வருவதில்லை. 1988-இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகி, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான காடு இது. வனத்துறை அனுமதிக்கும் பாதையில், அனுமதிக்கும் நாளில், அனுமதிக்கும் நேரத்தில்தான் நடக்கலாம், பாதையை விட்டு விலகக் கூடாது. 2024-இல் மாநிலம் முழுக்க 40 மலைப்பாதைகளோடு தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்திலும் வழிகாட்டியோடுதான் போக முடியும். பாதை தெரியும், தூரம் தெரியும், பையில் இருப்பது தண்ணீரும் சாப்பாடும். எந்தச் சூழலுக்காகப் பூட்ஸ் செய்யப்பட்டதோ, அந்தச் சூழலுக்குள் போக நமக்கு அனுமதியே கிடையாது.

10. கடைசியாக, இந்த நம்பிக்கையால் என்ன கெடுகிறது?

அவரவர் காசு, அவரவர் கால் என்று விட்டுவிடலாமே என்றால், விட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. பொருளைப் பாதுகாப்பு என்று நம்பத் தொடங்கினால், உண்மையான பாதுகாப்பு பார்வையிலிருந்து நழுவுகிறது. 2015 மே மாதம் சதுரகிரி ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இந்த இரண்டிலும் எந்தக் காலணியும் யாரையும் காப்பாற்றியிருக்காது. மேகம் கறுத்தால் ஓடையைத் தாண்டாமல் நிற்பது, தடை விதித்த நாளில் போகாமல் இருப்பது, காய்ந்த புல்வெளியின் காலத்தை அறிவது, இருட்டுமுன் இறங்குவது: இவைதான் காக்கும். இவற்றை விற்கக் கடை இல்லை என்பதால் இவற்றைப் பற்றி யாரும் விளம்பரமாகப் பேசுவதில்லை.

இன்னொரு கேடும் உண்டு. மில் ஷிப்டு முடிந்து மாதத்தில் ஒரு ஞாயிறு காட்டழகர் கோயில் வரை நடந்துவரலாம் என்று நினைக்கிற பையனிடம், முதலில் சம்பளத்தில் பெரும்பங்கைக் கொட்டிச் சாமான் வாங்கு என்று சொல்வது அவனை வீட்டிலேயே உட்காரவைப்பதற்குச் சமம். மலை பணக்காரர்களின் பொழுதுபோக்காக மாறுவது இப்படித்தான்.

என்ன வாங்குவது? ஒரு ஷூ 350 கிராமுக்குள். நகம் அழுத்தினால் இடம்கொடுக்கும் ரப்பர் அடி, நடுத்தர ஆழப் பற்கள். தண்ணீர் வடிகிற மேற்துணி. விரல் மூடி. முன்பாதத்தில் கல்லைத் தடுக்கும் தகடு இருந்தால் இன்னும் நல்லது. சாயங்காலம், பாதம் வீங்கியிருக்கும் நேரத்தில், மலைக்குப் போடும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் முட்டி நகம் கறுக்காமல் இருக்கக் கட்டைவிரலுக்கு முன் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் மேலே தூக்கக் கூடாது. அதைப் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் கடைத்தெருவுக்கும் வேலைக்கும் போய்வாருங்கள், பிறகு மலைக்குக் கிளம்புங்கள்.

இதையும் மீறி யாராவது கனத்த பெட்டியை முன்னால் நகர்த்தினால், எந்தப் பாதையில், எந்தச் சுமைக்கு, எந்த ஆபத்துக்கு இந்த எடை என்று ஒரே கேள்வி கேளுங்கள். "மலைக்குன்னா இதுதான் அண்ணாச்சி" என்பதைத் தாண்டி ஒரு பதில் வந்தால் யோசியுங்கள். வராவிட்டால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.